இருமினாத்தான் தெரியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல. பரீட்சை, அசைன்மென்ட்னு பொய் சொல்லலாம். நிஜம் என்னன்னா, நெஞ்சைத் திறந்து மூடித் தைச்சிருக்காங்க. பயப்படாதீங்க மக்களே, நல்லாத்தான் இருக்கேன்.

என்னை மாதிரி ஒல்லியா நெட்டையா இருக்கற பசங்களுக்கு நுரையீரல் மேல இருக்கற சின்னக் கொப்புளம் வெடிச்சு, காத்து கசிஞ்சு, நுரையீரல் சுருங்கிப் போறது உண்டு. எனக்கு ஒரே பக்கம் ரெண்டு தடவை. முதல் தடவை சின்னத் துளைகள் வழியா கேமராவை விட்டு சரி பண்ணினாங்க. மறுபடி சுருங்கினதும், இந்தத் தடவை விலா எலும்புகளை விலக்கித் திறந்துதான் ஆகணும்னுட்டாங்க. ஆஸ்லோவில் படிக்க வந்தவனுக்கு இப்படி ஒரு எக்ஸ்ட்ரா பாடம்.

அம்மாவுக்கு ஆபரேஷனை விட முதுகு ஊசிதான் பெரிய பயம். "வேண்டாம்னு சொல்லிடுடா. உன்னைப் பெத்தப்ப எனக்குப் போட்டது, இன்னிக்கு வரைக்கும் இடுப்பு விடல." நம்மூர்ல இதைச் சொல்லாத அம்மா உண்டா? பிரசவத்துக்கு எபிடூரல் போட்டுக்கிட்டவங்களையும் போட்டுக்காதவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள்ல, நீண்ட கால முதுகுவலி ஊசியால கூடினதாத் தெரியல. இதை அம்மாகிட்ட சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள அப்பா போனை வாங்கி, "போட்டுக்கடா"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டார்.

மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடியே, உட்கார வெச்சு, பூனை மாதிரி முதுகை வளைக்கச் சொல்லி, தோள்பட்டைகளுக்கு நடுவுல ஊசியை ஏத்தி, அது வழியா நூல் மாதிரி ஒரு குழாயை விட்டாங்க. தண்டுவடத்தைச் சுத்தி இருக்கற உறைக்கு வெளியே ஒரு சின்ன இடைவெளி இருக்கு. குழாய் நுனி அங்க நிக்கும். மறுமுனை பம்ப்ல.

முழிச்சப்ப வலி பெருசா இல்ல. அசையாம படுத்திருந்தேன். கேட்டவங்களுக்கெல்லாம் "நல்லா இருக்கேன்"னு சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி டூட்டிக்கு வந்தவங்க ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. பேரைப் பார்த்துட்டு நேரா தமிழ்லயே ஆரம்பிச்சாங்க.

"தம்பி, நோகுதோ?"

"இல்லக்கா, பரவாயில்ல."

"சும்மா கிடக்கேக்க இல்ல. இருமேக்க எவ்வளவு நோகுது? பத்துக்குச் சொல்லுங்கோ."

இருமிப் பார்த்தேன். பாதியிலயே நின்னு போச்சு. விலாவுக்குள்ள கத்தியை விட்டுத் திருப்பின மாதிரி. எட்டுன்னேன். "அப்ப இவ்வளவு நேரமும் நீங்கள் இருமவே இல்லையோ?"ன்னு முறைச்சாங்க. (நம்மூர்ல வலியைப் பொறுத்துக்கிட்டா நல்ல பிள்ளைன்னு பேரு கிடைக்கும். இங்க திட்டுதான் கிடைக்குது.)

விஷயம் இதுதான். வயித்துல வெட்டினா வயிறை அசைக்காம கொஞ்ச நேரமாவது இருக்கலாம். நெஞ்சுல வெட்டினா ஒவ்வொரு மூச்சுக்கும் தையல் இழுபடும். வலிக்குப் பயந்து மேலோட்டமா மூச்சு விட்டா, இருமாம அடக்கினா, சளி அடியில தேங்கி நிமோனியா வந்துடும். அதனால படுத்திருக்கும்போது வலி எவ்வளவுன்னு கேட்டு அவங்க விடறதில்ல.

மயக்க மருத்துவர் வந்து ஒரு ஐஸ் கட்டியை நெஞ்சுல மேலேர்ந்து கீழ தொட்டுக்கிட்டே வந்தார். மருந்து பிடிச்ச இடத்துல குளிர் தெரியாது. எனக்கு வெட்டுக்கு மேல் பாதியில சில்லுனு தெரிஞ்சது. அங்க மருந்து எட்டவே இல்ல. கொஞ்சம் கூடுதலா ஏத்தி, பம்ப் வேகத்தையும் கூட்டினார்.

நான் படிக்கறது வேதியியல். பையில ஒட்டியிருந்த லேபிளைப் படிக்காம இருக்க முடியுமா? ஒரு மில்லிக்கு புபிவகெய்ன் 1 மில்லிகிராம், ஃபென்டனில் 2 மைக்ரோகிராம், அட்ரினலின் 2 மைக்ரோகிராம். இவ்வளவு கம்மியான்னு கேட்டேன். அங்கதான் சூட்சுமமே இருக்காம். புபிவகெய்ன் நரம்புக்குள்ள சோடியம் நுழையற வாசலை அடைச்சு வலிச் செய்தியை நிறுத்தும். அதை மட்டும் வெச்சு சமாளிக்கணும்னா அளவைக் கூட்டணும், ரத்த அழுத்தம் சரிஞ்சுடும். ஃபென்டனில் தண்டுவடத்துல வேலை செய்யும். அதை மட்டும் கூட்டினா தூக்கம், குமட்டல், ரொம்பப் போனா மூச்சே மந்தமாகும். (மூக்கு நமைச்சல் எனக்கு இருந்ததிலேயே வந்துடுச்சு. ரெண்டு நாள் சொறிஞ்சுக்கிட்டே இருந்தேன் :-)) ரெண்டையும் சேர்த்தா ஒண்ணுக்கொண்ணு கை கொடுக்கும், ரெண்டும் கொஞ்சமா போதும்.

மூணாவது அட்ரினலின். அது அங்க இருக்கற ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மத்த ரெண்டும் ரத்தத்துல கலந்து ஓடிடாம பிடிச்சு வைக்கும். தானும் தண்டுவடத்துல வலியைக் கொஞ்சம் குறைக்கும். இது இந்த ஊர்ச் சரக்கு. ஆஸ்லோவில் நியெமி, பிரெய்விக்னு ரெண்டு பேர் 1998ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. ஒரே நோயாளிக்கு அட்ரினலின் சேர்த்த கலவையையும் சேர்க்காததையும் மாத்தி மாத்திக் கொடுத்தாங்க, எது ஓடுதுன்னு யாருக்கும் சொல்லாம. சேர்க்காதப்ப வலி கூடியிருக்கு, குறிப்பா இருமும்போது. சுக்கு, மிளகு, திப்பிலின்னு மூணையும் சேர்த்து இடிக்கற பாட்டி இதுக்கெல்லாம் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டா.

எல்லாருக்கும் இதுதான்னு இல்ல. முதுகெலும்புக்குப் பக்கத்துல, வெட்டின பக்கத்து நரம்புகளை மட்டும் மரக்க வைக்கற முறையும் இருக்கு. அதுல ரத்த அழுத்தம் அவ்வளவா இறங்காது. எபிடூரல்ல அபூர்வமா உள்ளே ரத்தம் கட்டி தண்டுவடத்தை அழுத்தலாம். அதுக்காகத்தான் நடுராத்திரியிலும் எழுப்பி "காலைத் தூக்குங்கோ" படலம்.

அரை மணி கழிச்சு அக்கா திரும்ப வந்து, ஒரு தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கச் சொல்லி, "இப்ப இருமுங்கோ"ன்னாங்க. மூணுதான். சளி வந்தது. இதுக்கெல்லாம் சந்தோஷப்படுவேன்னு நினைச்சதே இல்ல.

வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட இதையெல்லாம் வீடியோ கால்ல அளந்துக்கிட்டு இருந்தேன். அவருக்கு 1996ல, நான் பொறக்கறதுக்கு முன்னாடி, நெஞ்சுல சீழ் கட்டி இதே மாதிரி ஆபரேஷன். கேட்டா ஊசி போடுவாங்களாம். இவர் கேட்கல. நர்ஸ் பாவம், ஒரே ஆளா வார்டு முழுக்க ஓடுறாங்கன்னு கேட்கலையாம். இருமச் சொன்னப்ப இருமல. சளி கட்டி, காய்ச்சல் வந்து, இன்னும் மூணு வாரம் அங்கேயே கிடந்திருக்கார். இதை எங்க யார்கிட்டயும் சொன்னதில்ல, அம்மாகிட்ட கூட.

அப்பா இருமினா, தும்மினா, பலமா சிரிச்சா கூட வலது விலாவை உள்ளங்கையால அழுத்திப்பார். சின்ன வயசுல நானும் தங்கச்சியும் அதைச் செஞ்சு காட்டி சிரிப்போம். அவரும் சிரிப்பார், அழுத்திக்கிட்டே. விலா நரம்பு அடிபட்டா வலி மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல தங்கிடும்னு இப்பதான் படிச்சேன்.

"இன்னும் வலிக்குதாப்பா?"

கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருந்தார். "இருமினாதான்டா."

டிசம்பர்ல ஊருக்குப் போறேன். திருச்சியில ஒரு பெயின் கிளினிக்ல விசாரிச்சு வெச்சிருக்கேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல.