கணினியே சொல்லும் கணக்கு

நோயாளியை விசாரிக்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியர் இல்லை. ஆனால் கணினி மந்தமானால் நாம் அதைக் கேட்பதில்லை, பிறரைத்தான் கேட்கிறோம்.

எங்கள் வீட்டு மடிக்கணினி அக்காவுடையது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், பிளஸ் டூ படிக்கையில் கிடைத்தது. அத்திட்டக் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இருந்தது. அக்கா அதற்குமேல் படிக்கவில்லை. கணினி என்னிடம் வந்தது. இப்போது அதில் டெபியன் ஓடுகிறது.

அது மந்தமாகவே, மதுரையில் ஒரு கடையில் காட்டினோம். "மெமரி நிறைந்துவிட்டது, இதில் கூட்டவும் முடியாது. புதிது வாங்குங்கள்" என்றார்கள். யாரிடம் கடன் கேட்கலாம் என்று அப்பா அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்றிரவு கணினியையே விசாரித்தேன். 'ஃப்ரீ' என்ற கட்டளையுடன் '-m' சேர்த்து இட்டால் நினைவகக் கணக்கை மெகாபைட்டில் காட்டும். மொத்தம் 1870, காலி 110. கடைக்காரர் சொன்னது மெய்தானோ என்று தோன்றும். ஆனால் கடைசிப் பத்தியில் 'அவெய்லபிள்' 780 என்றிருந்தது. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தில், வட்டிலிருந்து படித்தவற்றைச் சேர்த்து வைக்கும். வேறு நிரல் கேட்டால் விட்டுக்கொடுக்கும். ஆகவே காலி எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. உலாவியில் பல பக்கங்களைத் திறந்தபோதுதான் 780 என்பது 100-க்குக் கீழே இறங்கியது; வட்டை நினைவகமாகக் கடன் வாங்கும் 'ஸ்வாப்' கணக்கும் ஏறியது. மந்தத்தின் காரணம் விளங்கிற்று.

கூட்ட முடியாதா? நிர்வாகி உரிமையுடன் 'டிஎம்ஐடீகோட்' கட்டளையை இட்டேன். இரண்டு நினைவகச் செருகிடங்கள். ஒன்று காலி என்றது. தாய்ப்பலகையில் எழுதியிருப்பதைத்தான் அது படித்துச் சொல்கிறது; எழுதியிருப்பது சில வேளை தவறாகவும் இருக்கலாம். எனவே பின்மூடியைக் கழற்றிக் கண்ணாலும் பார்த்தேன். காலியாகவே இருந்தது. பழைய 2 ஜிபி நினைவகப் பலகை ஒன்றைப் பொருத்தினோம். புதுக் கணினியின் விலையில் அது மிகச் சிறு பங்கே.

செயலியை அறிய 'எல்எஸ்சிபியு'. வட்டுகளை அறிய 'எல்எஸ்பிஎல்கே'. எதற்கும் காசில்லை, இணையமும் வேண்டாம். நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். விலையைப் பிறர் சொல்ல நாம் கொடுத்தே பழகியவர்கள். கடன் வாங்குமுன் ஒரு கட்டளை இட்டுப் பாருங்கள், நண்பர்களே! கேட்டால் கணினி மறைக்காது.