பசிக்கு எந்தச் சபை?

வடலூர் சத்திய ஞானசபைக்குள் நான் நுழைய முடியாது. காரணம் மதமல்ல, மீன்! 1872-ல் வள்ளலார் திறந்த சபை அது. புலால் உண்பவர்கள் வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். நான் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், பிழைக்க வந்தது நெய்வேலி. கிறிஸ்தவன். நெத்திலியை விடுகிற உத்தேசமும் இல்லை.

ஆனால் அதே ஊரில் தருமசாலை இருக்கிறதே, அங்கே இந்தக் கேள்வியே கிடையாது. 1867 மே 23-ல் வள்ளலார் தொடங்கி வைத்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. உட்கார்ந்தால் சோறு வரும். 'எந்த ஊரு, என்ன ஆளுங்க?' என்று கேட்க ஆளில்லை. சபைக்கு விதி வைத்தவர், சோற்றுக்கு வைக்கவில்லை பாருங்கள்!

இயேசு ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோதும் அப்படித்தான். விசுவாசிகளுக்குத் தனி வரிசை என்று சீடர்கள் டோக்கன் கொடுக்கவில்லை. (அங்கே இரண்டு மீனும் இருந்தது என்பது என் கட்சிக்குப் பலம்!)

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை. அதில் ஒரு மூட்டையை தருமசாலைக்குக் கொடுக்கலாமே என்றேன்.

"அது நம்ம இடமா தம்பி?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் கப்சிப். பிடியரிசி கொண்டுவருகிற பாட்டி ஒருத்தர்தான் வாய் திறந்தார்:

"பசிக்கு எந்தச் சபை ஐயா?"

மூட்டை வடலூர் போய்ச் சேர்ந்தது. இறக்கிவிட்டுத் திரும்பினோம். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்கள். முதலில் உட்கார்ந்தவர் பெரியவர்தான்.