முன்னால் நிற்கும் சுழி

பழைய மண்டிக் கணக்குகளில் முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்கும். அதன் கீழே ‘லாபம்’ என்று எழுதியிருப்பார்கள். நானும் இன்றுவரை ஒரு சுழியைத்தான் முதலில் தேடுகிறேன். ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றிலிருந்து மாதாமாதம் எட்டாம் தேதிவாக்கில் விற்பனை பில்களின் கோப்பு எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். திறந்ததும் மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. எச்எஸ்என் என்று தலைப்பிட்ட சரக்குக் குறியீட்டுப் பத்தியைப் பார்ப்பேன். அங்கே 0910 என்றிருந்தால் நிம்மதி. 910 என்றிருந்தால், மென்பொருளை விட்டு வெளியே வந்த அந்தக் கோப்பு என்னிடம் சேரும் முன் எங்கோ ஒரு கை அதைத் திறந்து மூடியிருக்கிறது.

மஞ்சளும் இஞ்சியும் 0910. காபி 0901, தேயிலை 0902, மிளகும் மிளகாயும் 0904. ஒன்பதாம் அத்தியாயத்துச் சரக்கு எல்லாமே இப்படிச் சுழியில்தான் தொடங்கும். பில் போடும் மென்பொருளுக்கு இது தெரியும். ஆனால் அது வெளியே கொடுக்கும் சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்தால், 0910 ஓர் எண்ணாகப் படிக்கப்படும். எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழிக்கு மதிப்பில்லை என்று நாமும் ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான். மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்கும், ‘சரி’ என்போம். சுழி போய்விடும். தவறு கருவியின் மேல் இல்லை. 0910 என்பது தொகை இல்லை, பெயர். அதை அப்படிச் சொல்லித் திறக்க வேண்டியவர்கள் நாம்.

நான் பட்டயக் கணக்காளன் இல்லை. வரி ஆலோசகன், ரிட்டன் போடுகிறவன். ஊருக்கு அந்த வேறுபாடு அவசியமில்லை, எல்லோருக்கும் நான் ‘ஆடிட்டர் சார்’தான். மறுத்து மறுத்து ஓய்ந்துவிட்டேன்.

சுழி விழுந்தால் பெரிய சேதமில்லை. 910 என்ற குறியீட்டை ஜிஎஸ்டி போர்ட்டல் ஏற்காமல் திருப்பிவிடும், நாமும் திருத்திவிடுவோம். சத்தம் போட்டு விழுகிற பாத்திரத்தை எடுத்து வைத்துவிடலாம். சத்தமில்லாமல் கசிகிற பானைதான் ஆபத்து. அந்தக் கசிவை நான் தெரிந்துகொண்டது தேதியில்.

2024 ஏப்ரல் மாத விற்பனை. என் கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலிலும் நாள் அடுத்தும் இருக்கும்படி கிடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. 05-04-2024 என்று வந்த பில் மே நான்காகிவிட்டது. ஆறாம் தேதி பில் ஜூன் நான்காக, பன்னிரண்டாம் தேதி பில் டிசம்பர் நான்காக மாறின. பதின்மூன்றாம் தேதியிலிருந்து மாறவில்லை. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் அவை வெறும் எழுத்தாக அப்படியே நின்றன. மே முதல் டிசம்பர் வரை போன பில்களை, வராத காலத்துத் தேதி என்று போர்ட்டல் மறுத்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து, மறுத்தவற்றை மட்டும் கையால் திருத்தினேன். ஏப்ரல் 1, 2, 3 தேதிகளின் பில்கள் ஜனவரி நான்காக, பிப்ரவரி நான்காக, மார்ச் நான்காகப் போயிருந்தன. கடந்த காலத்துத் தேதியை யாரும் மறுக்கவில்லை. அவை முந்தைய நிதியாண்டின் பில்களாகச் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தன. வாங்கியவர்களின் கணக்கில் ஏப்ரல், என் ரிட்டனில் மார்ச். அடுத்த மாதம் முழுக்க அதற்குப் பதில் சொன்னேன்.

இப்போதெல்லாம் தேதிப் பத்தியைப் படிப்பதற்கு முன் அதன் சாய்வைப் பார்க்கிறேன். எழுத்தாக இருப்பது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டும், எண்ணாகவும் தேதியாகவும் இருப்பது வலப்பக்கம் ஒட்டும். ஒரே பத்தியில் பாதி இடமும் பாதி வலமும் சாய்ந்து நின்றால் அந்தக் கோப்பை வைத்து மேற்கொண்டு ஒரு வேலையும் செய்யக் கூடாது. பாவு சரியாக ஓடாத தறியில் ஊடு போடுவதில் பயனில்லை என்று ஈரோட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பில் எண்ணுக்கும் இந்தக் கதிதான். ‘4/24’ என்று எண் போடுகிற கடைகள் உண்டு. திறந்தவுடன் அது ஏப்ரல்-24 ஆகும். உள்ளே 45383 என்று உட்கார்ந்திருக்கும். 1900-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணி வருகிற கணக்கில் 2024 ஏப்ரல் முதல் தேதிக்கான எண் அது. ஒரு மாதம் ‘45383’ என்ற பில் எண்ணைப் பார்த்துவிட்டு, இந்தச் சின்னக் கடையில் இத்தனை பில்லா என்று வியந்திருக்கிறேன். சட்டப்படி பில் எண் பதினாறு எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். சாய்கோடும் இணைகோடும் போடலாம். நான் எல்லோருக்கும் சொல்வது: முன்னால் இரண்டு எழுத்துப் போடுங்கள். ‘எம்எம்/4/24-25’ என்று இருந்தால் எந்தக் கருவியும் அதைத் தேதியாகவோ தொகையாகவோ நினைக்காது.

இத்தனை நுணுக்கம் முன்பு தேவைப்படவில்லை. 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வந்தபோது பில் புத்தகங்களைச் சாக்குப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் தட்டச்சு செய்து இணைப்புப் பட்டியல் தயாரிப்போம். எங்காவது ஒன்று விடுபட்டால் கடைக்காரருக்கும் அதிகாரிக்கும் இடையிலான பேச்சோடு போகும். 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தது. அதுவும் 2022 ஜனவரிக்குப் பிறகு நிலைமை முழுதாக மாறிவிட்டது. விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிய பில்லுக்குத்தான் வாங்கியவருக்கு இன்புட் வரிக் கழிவு. நான் பதினொன்றாம் தேதிக்குள் ஏற்றுவது, வாங்கியவரின் 2பி பட்டியலில் பதினான்காம் தேதி தெரியும். அதை வைத்து அவர் இருபதாம் தேதி வரி கட்டுவார். என் மேசையில் ஒரு பில் விடுபட்டால், நான் முகமே பார்த்திராத ஒருவர் தன் கையிலிருந்து பணம் கட்டுகிறார். இந்த மண்டிக்காரர்களின் விற்றுமுதல் 5 கோடிக்குக் கீழேதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டன் போடுகிற வழி அவர்களுக்கு உண்டு. ஆனாலும் மாதாமாதம் போடுகிறார்கள். காரணம் வாங்குகிறவர்களின் நச்சரிப்பு.

ஒருநாள் பெங்களூரிலிருந்து போன். மண்டியில் மஞ்சள் வாங்கிய நிறுவனத்தின் கணக்கர். “உங்க பில் எங்க 2பி-ல வரல சார்.” நான் ஏற்றியிருக்கிறேன், வரிசை எண்ணோடு சொல்கிறேன். அவரிடம் இல்லை. அரை நாள் தேடிய பிறகு கிடைத்தது: பில் அவர்களுடைய சென்னைக் கிளைக்குப் போயிருந்தது. ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்து இடங்களில் முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண். ஒரே நிறுவனம் என்பதால் பான் ஒன்றுதான். முன்னால் 33 இருந்தால் தமிழ்நாடு, 29 இருந்தால் கர்நாடகம். கடைசி எழுத்து தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுப்பதற்காகவே இருக்கிறது. ஆனால் இங்கே பிழையே இல்லை, இரண்டும் செல்லுபடியான எண்கள். மென்பொருளில் அந்த நிறுவனத்தை இரண்டு பெயரில் பதிந்து வைத்திருந்தார்கள். பில் போட்டபோது மேலே இருந்த பெயர் தேர்வாகிவிட்டது. அடுத்த ரிட்டனில் சரிசெய்தோம். அன்றிலிருந்து, வெளிமாநில வரி போட்ட பில்லில் வாங்கியவரின் எண் 33 என்று தொடங்கினால் தனியாக எடுத்து வைத்துக் கேட்கிறேன். தவறு என்று சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு கணக்கைத்தான் சொல்லித்தருவேன். கடைசி பில் எண்ணிலிருந்து முதல் பில் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டு. அது, கோப்பில் உள்ள பில்களும் ரத்தான பில்களும் சேர்ந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் பில்களை எண்ண வேண்டும், வரிசைகளை அல்ல. பல மென்பொருள்கள் ஒரு பில்லில் மூன்று சரக்கு இருந்தால் மூன்று வரிசையாகப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு வரிசையிலும் பில்லின் மொத்தத் தொகையைத் திரும்ப எழுதும். அந்தப் பத்தியை அப்படியே கூட்டிய பையன் ஒருவன், “சார், இந்த மாசம் இவங்களுக்கு மூணு மடங்கு வியாபாரம்” என்று சந்தோஷமாக வந்து சொன்னான்.

ரத்தான பில் விஷயத்தில் கடைக்காரர்களோடு எனக்குத் தீராத வழக்கு. “தப்பாப் போட்டதுங்க சார், அழிச்சுட்டேன்” என்பார்கள், ஏதோ வீட்டைப் பெருக்கிய பெருமையோடு. அழிக்கக் கூடாது. ரத்து என்று குறித்து அந்த எண்ணை அங்கேயே விட வேண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, அதில் எத்தனை ரத்து என்று ரிட்டனிலேயே கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை ஏட்டிலிருந்து பக்கத்தைக் கிழிக்க மாட்டார். தப்பாக எழுதியதைப் படிக்கிற மாதிரி ஒரு கோடு அடித்துவிட்டு, கீழே சரியானதை எழுதுவார். மென்பொருள் கிழிக்கிற வசதியைக் கொடுத்ததும் கையும் சேர்ந்து பழகிவிட்டது.

பேரேட்டுக் காலத்திலிருந்து இன்னொரு கருவியையும் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு மொத்தங்களுக்கு இடையே வித்தியாசம் வந்தால், அதை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,430-ஐ 5,340 என்று எழுதினால் வித்தியாசம் 90. கையால் எழுதுகிறவர்களின் பிழையைப் பிடிக்கும் கணக்கு இது. மென்பொருள் கொடுக்கிற கோப்பில் இதற்கு வேலை இருக்கக் கூடாது. அதனால்தான் இப்போது இது எனக்கு வேறுவிதமாக உதவுகிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், மென்பொருளிலிருந்து வந்ததாகச் சொல்லும் கோப்பில் யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவேன். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்னொரு பக்கம், ரவுண்டு ஆஃப் காரணமாகச் சில பைசா வித்தியாசம் வந்தால் அதை நான் தொடுவதில்லை. நூறு பில்லைக் கூட்டியும் ஒரு பைசா பிசகாமல் நிற்கிற பட்டியலைக் கண்டால்தான் உறுத்துகிறது.

கோப்பு வேண்டாம், முழு பேக்கப்பையும் பென்டிரைவில் தருகிறேன் என்பவர்கள் உண்டு. நான் வாங்குவதில்லை. வேறொரு பதிப்பில் எடுத்தது என் கம்ப்யூட்டரில் திறக்காமல் போவது ஒரு பக்கம். அதில் சம்பளம் இருக்கும், வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கும், பங்காளியோடு இருக்கிற பற்று வரவு இருக்கும். பில் பார்க்க வந்தவனுக்கு அது எதற்கு? தவிர, நான் என் பிரதியில் ஒரு திருத்தம் செய்வேன், அவர்கள் தங்கள் பிரதியில் அடுத்த நாள் பில் போடுவார்கள். ஒரே கடைக்கு இரண்டு கணக்கு உண்டாகிவிடும்; மார்ச்சில் எது நிஜம் என்று இருவரும் முழிக்க வேண்டும். கோப்பு வந்ததும் ‘வந்தது’ என்ற கோப்புறையில் போட்டுப் பூட்டிவிடுவேன். வேலையெல்லாம் அதன் பிரதியில், அதையும் இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், உள்ளிழுக்கும்போதே ஒவ்வொரு பத்தியும் எழுத்து என்று சொல்லித் திறந்து. பிழை கண்டால் கடையில்தான் திருத்த வேண்டும். என் கை படக் கூடாது. அந்த ஏப்ரல் விற்பனையில் போர்ட்டல் மறுத்த பில்களைக் கையால் திருத்திய அன்று நான் மீறியது இதைத்தான்.

2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின்-பில் கட்டாயம். 64 எழுத்து அடையாளத்தோடு ஒவ்வொரு பில்லும் நேராக ரிட்டனுக்குள் வந்து விழுகிறது. இனி உங்களுக்கு என்ன வேலை என்று அக்கா மகன் கேட்கிறான். தவறான கிளைக்குப் போட்ட பில் இன்னும் வேகமாகப் போய்ச் சேரும் என்றேன்.

மண்டியில் இப்போது கணக்குப் பார்ப்பது முதலாளியின் மகள். போன எட்டாம் தேதியும் கோப்பு வந்தது. சுழி இருந்தது. தேதிகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. 118-இல் தொடங்கி 180-இல் முடிந்திருந்தது, அப்படியென்றால் 63. கோப்பில் 60 பில், ரத்து 2. போன் செய்தேன்.

“149 எங்கம்மா?”

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. “அது அப்பா கையில எழுதுன பில்லுங்க சார். அன்னிக்குக் கரண்ட் இல்லீங்க. போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா, நீங்க சேத்துக்கறீங்களா?”

“வேண்டாம்மா. அதே நம்பர், அதே தேதியில உங்க சாப்ட்வேர்லயே போட்டுட்டு, மறுபடியும் எடுத்து அனுப்பு.”

“முழுசாவுங்களா?”

“முழுசா.”