முதுகுக்குத் தேய்மானம் போடுவது யார்?

சேந்தமங்கலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் ஒரு பழைய சின்னக் கார். பின் சீட்டில் பாட்டியும் பூஜைக்கூடையும் ஏறியாயிற்று. கொல்லிமலை எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் பயணம். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதமே ஆன மகள் ஓட்டுநர் சீட்டில் இருக்கிறாள். அப்பா பக்கத்து சீட்டில். சாவி மட்டும் அவருடைய சட்டைப் பையில்!

"சாவியைக் குடுங்கப்பா."

"மொதல்ல ஒழுங்கா உக்காரு கண்ணு."

"உக்காந்துட்டுத்தானப்பா இருக்கறேன்?"

"அது உக்கார்றதில்ல... தொத்திக்கிட்டு இருக்கற."

அவர் சொன்னது சரிதான். சீட் அப்பாவின் உயரத்துக்கு வைத்தபடியே இருந்தது. அவரோ நல்ல உயரம். மகள் ஐந்தடி. கிளட்ச்சை எட்டுவதற்காக அவள் சீட்டின் நுனிக்கு வந்திருந்தாள். முதுகு எதிலும் படவில்லை.

ஒரு சீட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு அவருடைய கதை தெரியாது.

அவர் 22 வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல் வட்டாரத்தில் இது அதிசயமில்லை. லாரி சொந்தக்காரர், டிரைவர், கிளீனர், பாடி கட்டுபவர், டயர் கடைக்காரர் என்று தெருவுக்கு ஒருவராவது இருக்கும் ஊர்கள் இவை. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் லாரிக்கு நாமக்கல் பட்டறைகளில்தான் கேபினும் பாடியும் கட்டுவார்கள். கேபினில் சாமி படத்துக்கு இடம் இருக்கும், பூ வேலை இருக்கும், கலர் கலராக விளக்கு இருக்கும். அவர் ஓட்டிய பழைய வண்டிகளில் டிரைவர் சீட்டோ ஒரு சட்டம், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் ரெக்சின். அவ்வளவுதான். முன்னே பின்னே நகராது. சீட்டுக்குத் தகுந்தபடி ஆள்தான் வளைய வேண்டும்.

அவரும் வளைந்தார். நாற்பத்தைந்து வயதில் ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வந்தவருக்கு, இடது காலில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது! இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். "இனிமேல் லாங் டிரிப் வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டார். லாங் டிரிப்பில்தான் அந்தக் குடும்பத்தின் அரிசி, பருப்பு, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இருந்தது.

உட்கார்ந்தே செய்யும் வேலையில் முதுகுக்கு என்ன கஷ்டம்? இந்தக் கேள்விக்கு ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற மருத்துவர் 1960-களிலேயே விடை தேடினார். முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தையே அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் நிற்பதைவிட அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் அத்தனை பெரிதாக இல்லை. ஆனால் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அழுத்தம் ஏறுகிறது, முதுகை நன்றாகச் சாய்த்தால் இறங்குகிறது என்பதை அவையும் காட்டின.

இதோடு குலுக்கலும் சேர்ந்துகொள்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதனை மேலும் கீழுமாக ஒரு விநாடிக்கு 4 முதல் 8 முறை ஆட்டும் அதிர்வுதான் உடம்பை அதிகம் பாதிக்கிறது. நம் ரோட்டில் கனரக வண்டியின் சீட் தருவது பெரும்பாலும் அந்த வகைக் குலுக்கலைத்தான்!

இப்போது அவர் உள்ளூரில் ஆக்டிங் டிரைவர். யார் காரில் ஏறினாலும் முதலில் சீட்டைத்தான் சரி செய்வார். அன்று மகளுக்குச் சொன்ன பாடமும் அதுதான். நண்பர்களே, உங்களுக்கும் உதவும்:

பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அது இடுப்பை ஒரு பக்கம் தூக்கும். சீட்டின் மூலையில் இடுப்பு முட்டும்வரை பின்னால் தள்ளி உட்கார வேண்டும். கிளட்ச்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட் விளிம்புக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி தேவை. சாய்மானம் நேர்க்கோணத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சாய்ந்தால் போதும். ரொம்பச் சாய்த்தால், மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். தோள் சீட்டில் பட்டபடி கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 செ.மீ. ஆவது இடைவெளி வேண்டும். ஹெட்ரெஸ்ட்டின் உச்சி தலையின் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். கண்ணாடிகளைத் திருப்புவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

மகள் ஒவ்வொன்றாகச் செய்தாள். இடுப்புக்குப் பின்னால் சின்ன இடைவெளி இருந்தது. அப்பா தன் தோள் துண்டைச் சுருட்டி அங்கே வைத்தார். பிறகுதான் சாவி வெளியே வந்தது!

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் உண்டு. 20 லட்ச ரூபாய் லாரி என்றால் முதல் வருடம் 6 லட்சம், அடுத்த வருடம் மீதி 14 லட்சத்தில் 4 லட்சத்து 20 ஆயிரம். குறைந்து செல் மதிப்பு முறை என்று காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். இரும்பு தேயும் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு பத்தியே ஒதுக்கிய கணக்குப் புத்தகத்தில், அந்த இரும்பை ஓட்டியவரின் முதுகுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தத் தேய்மானம் முழுவதும் அவருடைய சொந்தச் செலவு.

தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே எழுதி வைத்தது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்பது 2025-ல்தான் வந்தது. நல்லதுதான். ஆனால் அவருடைய இடது காலுக்கு இவை எதுவும் உதவவில்லை. சட்டப் புத்தகத்தில் இருந்த அரை மணி ஓய்வு அவருடைய டிரிப் ஷீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, மலையடிவாரமான காரவள்ளி வரை மகள் ஓட்டினாள். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். புது டிரைவருக்கு அது வேண்டாம் என்று அப்பா மாறிக்கொண்டார். சீட்டைத் தன் அளவுக்குத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, அதன் பிறகே கிளம்பினார். பாதி மலையில் ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி, இறங்கி நாலு எட்டு நடந்தார்.

"கால் வலிக்குதுங்களாப்பா?"

"இல்ல கண்ணு. வலிக்கறதுக்கு முன்னாடியே இறங்கோணும். அது தெரியாமத்தான் இத்தன வருசம் ஓட்டிட்டேன்."

சாயங்காலம் காரவள்ளிக்கு இறங்கியதும் மறுபடி இடம் மாறினார்கள். சாவி மறுபடி சட்டைப் பைக்குப் போனது. மகள் கேட்கவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள், துண்டைச் சரி செய்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். பிறகு கையை நீட்டினாள்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தார்.