சாம்பலுக்கு முன் காணி

சுற்றாடலை வரலாறு, இலக்கியம், ஊடகம் எல்லாவற்றோடும் சேர்த்துப் படிக்கிற முதுமாணி வகுப்புகளில் ரொப் நிக்சன் பெயர் அடிபடாமல் இருக்காது. 2011இல் வந்த நூலில் அவர் வைத்த வாதம் இது: குண்டு வெடித்தால் மறுநாளே தலைப்புச் செய்தி, மண்ணில் நஞ்சு ஊறுவது வருடக்கணக்கில் நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. திருகோணமலையில் எனக்கு இது பாதிதான் பொருந்தியது. இங்கே குண்டு விழுந்த காணிக்குத்தான் சாம்பலும் வரப்பார்த்தது.

சம்பூரைச் சொல்கிறேன். 2006 சண்டையில் சனம் இடம்பெயர்ந்தது. அவர்கள் முகாம்களில் இருக்கும்போதே ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்துக்கும் அந்தப் பகுதியே குறிக்கப்பட்டது. சொந்தக் காணிக்குத் திரும்ப வழி பிறந்தது 2015இல்தான். இப்படிப்பட்ட ஊரில் கொட்டியாரக் குடாவின் மீன்வளம் பற்றிப் பேச எழும்பினால் முதல் கேள்வி மீனைப் பற்றி வராது. "மிச்சக் காணி எப்ப தம்பி விடுவாங்கள்?" என்றுதான் வரும். அது தலைப்புக்கு வெளியே என்று நகர்கிறவர், ஊரில் சுற்றாடல் பேசுகிற இந்த வேலைக்கு ஆகமாட்டார். காணிதான் தலைப்பு. மீனும் புகையும் அதற்குள் வருகிறவை.

சட்டம் வாய்ப்பு ஒன்று தருகிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபின், பெரிய திட்டங்களின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்து 30 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம். தடித்த அறிக்கை, அட்டவணைகள், வரைபடங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து வாசிக்க யாரால் முடியும்? அதனால் எங்களைப் போன்றவர்கள் அதைத் துண்டுப்பிரசுரமாகச் சுருக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். எதைச் சுருக்குவது, எதைச் சுருக்கவே கூடாது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

காற்றை எடுங்கள். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வீசுகிறது என்பதைப் பூவிதழ் மாதிரி வரைந்த படம் ஒன்று இப்படியான அறிக்கைகளில் இருக்கும். அதை ஒரு கரைவலைச் சம்மாட்டியின் முன் விரித்தேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மணலில் விரலால் கரையை இழுத்து, சம்பூருக்கு ஒரு சிப்பியை வைத்தார். "கச்சானுக்குப் புகை கடலுக்குப் போயிரும். வாடைக்கு மூதூர்ப் பக்கம் திரும்பும். அது மாரி. மழையோட சேந்து குளத்துக்க இறங்காதா?" சரியான கேள்வி. இந்தப் பக்கத்துக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில்தான். காற்றிலுள்ள தூசியை மழை கழுவி இறக்கும். ஆண்டுச் சராசரி என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போய்விடும். கடல்நீரை இழுத்துச் சூடாக்கித் திருப்பிவிடுகிற நிலையங்களைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான். எத்தனை பாகை கூடும் என்பதோடு, கரைவலை இழுக்கிற மாதங்களில் எவ்வளவு தூரம் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

பயமுறுத்துவது இதைவிட லேசான வழி. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் சாம்பல் பறக்கும் படத்தைக் காட்டி "நாளைக்குச் சம்பூர்" என்றால் கூட்டம் சூடாகும். அங்கே சாம்பல் பற்றிய முறைப்பாடு மெய்தான். ஆனால் அது மேற்குக் கரை, வேறு காற்று. அதைச் சொல்லாமல் படத்தைக் காட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். நண்பர்கள் சிலருக்கு இது சலிப்பு.

2016 செப்டம்பரில், நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. சுற்றாடல் அமைப்பு தொடுத்த வழக்கு, இரு அரசுகளின் கணக்குகள் எல்லாம் அதன் பின்னால் இருந்தன. எங்கள் துண்டுப்பிரசுரத்துக்கு அதில் என்ன பங்கு என்று அளக்கிற ஆசை எனக்கு இல்லை. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை, சுற்றாடல்காரர்கள் கைதட்டலாம். ஆனால் அதே வருடம், சீனக்குடாவுக்குக் கிட்டவுள்ள முத்துநகர் விவசாயிகள் சூரியத் தகடுகளுக்காகத் தங்கள் வயல் பறிபோகிறது என்று போராட்டத்தில் இறங்கினார்கள். நிலக்கரி வேண்டாம் என்று எழுதிய கை இதை எழுதத் தயங்கினால் அது வெறும் கட்சிப் பேச்சு. எந்த வயல், எந்தக் குளத்துத் தண்ணீர், எந்தப் போகம், காணிக்கு யாரிடம் என்ன பத்திரம் இருக்கிறது: இவற்றைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மெகாவாட் கணக்குக்கு வர முடியும்.