நேர்த்திக்கு மறுநாள் புதன்கிழமை

வெள்ளவத்தை, கொழும்பு 6



கொழும்பில் செவ்வாய்க்கிழமை அந்தோனியாருடையது. கொட்டாஞ்சேனைப் பக்கம், கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குக் கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் வருகிறார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த அதே ஆலயம்தான். அந்த ஜூனிலேயே திருத்தித் திறந்துவிட்டார்கள். வேலை, விசா, பிள்ளைவரம் என்று நீளும் வேண்டுதல்களுக்கிடையே ‘இவர் குடியை விடவேணும்’ என்பதும் ஒன்று. சைவருக்கு, அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், பொன்னம்பலம் ராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். அவர்களில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் விரதம் முடியும்வரை போத்தலைத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய பிறகுதான் சோதனை தொடங்கும்.

நேர்ந்துகொண்டவர் புதன்கிழமை கண்விழிப்பது அதே நெருக்கமான தோட்ட வீட்டில், அதே கூட்டாளிகளுக்கு நடுவில். கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் எந்தச் சந்தில், ஹெரோயின் தூள் யாரிடம், ஐஸ் போதைப்பொருள் என்ன விலை எல்லாம் அவருக்கு மனப்பாடம். பௌர்ணமிப் போயா தினத்தில் நாடு முழுவதும் மதுக்கடைகள் மூடியிருக்கும். குடிப்பவரோ முதல்நாளே வாங்கி வைத்துவிடுகிறார். ஆக, ஒருநாள் உறுதியை ஆறு மாதம் தாங்கிப்பிடிக்க ஒரு கூரை வேண்டும். மதம் அந்த இடத்தில்தான் வீடாக மாறப் பார்க்கிறது.

இலங்கையில் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒரு பிக்குவினுடையது. குப்பியாவத்தே போதானந்த தேரர் 1987இல் தொடங்கிய ‘மித்துரு மித்துரோ’ இயக்கம் அது. போதையிலிருந்து மீள்பவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒருவரையொருவர் கண்காணித்துத் திருந்தும் முறை. சமையலும் துப்புரவும் சிகிச்சையின் பகுதி. இந்த முறையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. நியூயோர்க்கில் 1963இல் ‘டேடொப்’ இல்லத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் கத்தோலிக்கப் பாதிரியார். பாதிரியார் நட்டது பன்சலையில், பௌத்த விகாரையில், காய்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதச்சாயல் இல்லாத வழியும் உண்டு. தற்கொலை எண்ணத்தோடு வருபவர்களுக்குக் காதுகொடுக்க 1974இல் ஆரம்பமான சுமித்ரயோ அமைப்பு, பத்து ஆண்டுகள் கழித்து போதையிலிருந்து மீள வருபவர்களுக்காக ‘மெல் மெதுர’வைத் திறந்தது. ஹோர்ட்டன் பிளேசில் இருக்கும் இந்த நிலையத்தின் அடிப்படை நட்புதான். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. அதே 1984இல்தான் தேசிய அபாயகரமான ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் பிறந்தது. ஹெரோயின் நகரத்துக்குள் பரவத் தொடங்கியிருந்த காலம்.

இவற்றுக்கு நேரெதிர் பொலன்னறுவையின் கந்தக்காடு. இராணுவம் நடத்திய அந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்தார், கலவரம் மூண்டது, பல நூறு பேர் தப்பி ஓடினார்கள். அதே ஆண்டு வந்த புனர்வாழ்வுப் பணியக மசோதா அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. திருத்தங்களோடு 2023 ஜனவரியில் அது சட்டமானது. குணமாக வந்தவர் வேலி தாண்டி ஓடுகிறார் என்றால் அந்த இடத்தை இல்லம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்காகப் பக்தி இல்லங்களை மட்டும் கேள்வி கேட்காமல் விடவும் முடியாது. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அந்த முதல் வாரம் ஆஸ்பத்திரிக்கு உரியது. ஜெபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். மாத்திரையைப் பிடுங்கிவிட்டு மணியை ஆட்டும் இடம் எந்த மதத்துக்காரருடையதானாலும் ஆபத்துத்தான்.

பம்பாயின் பாந்த்ராவில் 1981இல் ‘கிருபா’ அறக்கட்டளையைத் தொடங்கிய ஜோ பெரேரா பாதிரியார் பக்தியோடு மற்ற வழிகளையும் சேர்ப்பதில் கெட்டிக்காரர். குடியிலிருந்து தாமே மீண்டவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளோடு ஐயங்காரின் யோகாசனத்தைச் சேர்த்துக்கொண்டார். 1935இல் ஒஹாயோவில் பிறந்த அந்தச் சங்கமும் கிறிஸ்தவக் குழு ஒன்றிலிருந்து பிரிந்ததுதான். ஆனாலும் கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று கதவை அகலத் திறந்துவிட்டது. கொச்சிக்கடைக் கூட்டத்துக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பினால் வேறொரு கொழும்பு. இராமகிருஷ்ண மிஷன், மயூரபதி அம்மன், நகைக்கடை, சாப்பாட்டுக் கடை. ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் அனெக்ஸ். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்கள் விசாவுக்காக மாதக்கணக்கில் லொட்ஜ் அறைகளில் சேர்ந்து காத்திருந்த ஊர் இது. முன்பின் தெரியாதவரோடு ஒரே சமையலறையைப் பகிர்வது இங்கே புதிதல்ல.

அமெரிக்காவின் ‘ஒக்ஸ்போர்ட் ஹவுஸ்’ கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1975இல் மேரிலாந்தில் மூடப்படவிருந்த ஒரு மீட்பு இல்லத்தை, அங்கே தங்கியிருந்தவர்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். முடிவுகள் வாக்கெடுப்பில், செலவு எல்லோருடைய பையிலிருந்தும், மறுபடி குடித்தவர் வெளியே. வார்டன் கிடையாது. மதமும் கட்டாயமில்லை, விரும்பியவர் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே அப்படியொன்றுக்கு முதல் தடை சாமியிடமிருந்து வராது, வீட்டுக்காரரிடமிருந்துதான் வரும். ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். குடியை விட்டு மூன்று மாதமே ஆன ஆறு ஆண்கள் சேர்ந்து வந்தால் என்ன கேட்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உண்டியல் நிரம்பும் கோயில்களும் தேவாலயங்களும் அந்த முன்பணத்துக்குப் பொறுப்பேற்றால் போதும்; பிரசங்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.