திருவான்மியூரிலிருந்து நான்காவது நிறுத்தத்தில்... சிவாஜி!

மெரினா கடற்கரைச் சாலையில், ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேரும் இடத்தில், காந்தி சிலைக்கு அருகே பதினோரு வருடம் நின்றிருந்தார் சிவாஜி கணேசன். சுண்டல் வாங்க வந்தவர்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள், சிக்னலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த வெண்கலச் சிலையைப் பார்த்தபடி கடந்து போனார்கள். 2017 ஆகஸ்ட் 3-ம் தேதி அதிகாலையில் அது அங்கிருந்து எடுக்கப்பட்டது. இப்போது அவரைப் பார்க்க அடையாறுக்குப் போக வேண்டும். முன்பு வழியில் தென்பட்டவரை இப்போது தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அப்படித் தேடிப் போவதற்கு ஒரு நல்ல வழி திருவான்மியூரிலிருந்து தொடங்குகிறது. அரை நாள் போதும். வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்தே போகலாம்.

வால்மீகியின் ஊரில்

சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் திருவான்மியூர். மருந்தீஸ்வரர் மேற்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். அகத்தியருக்கு மருத்துவம் உபதேசித்தவர் என்பதால் அந்தப் பெயர் என்கிறது தலபுராணம். உற்சவர் தியாகராஜர். ராமாயணம் தந்த வால்மீகி முனிவருக்கு இறைவன் இங்கே காட்சி தந்ததாகவும், ஊரின் பெயரே அவரால் வந்ததாகவும் நம்பிக்கை. கோயிலுக்குப் பக்கத்தில் வால்மீகிக்குத் தனியாக ஒரு சின்னக் கோயிலும் இருக்கிறது.

அதே ஊரில் ராமாயணம் இன்னொரு முறையும் உயிர் பெற்றது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1962-ல் அடையாறிலிருந்து திருவான்மியூருக்கு வந்தது. வால்மீகி ராமாயணத்தை வரிசையான நாட்டிய நாடகங்களாக அவர் அமைத்தார். 1955-ல் 'சீதா சுயம்வர'த்தில் ஆரம்பித்து, 1970-ல் 'மகா பட்டாபிஷேக'த்தில் அந்த வரிசை நிறைவடைந்தது. காதில் பாட்டு, கையில் முத்திரை, முகத்தில் பாவம் என்று ஒரு காவியம் மேடைக்கு வந்தது.

சிவாஜியைத் தேடிப் போகும் பயணத்தில் ராமாயணம் எதற்கு? கணேசன் என்ற சிறுவன் நாடகக் கம்பெனியில் சேர்ந்ததும் முதலில் போட்ட வேஷங்களில் ஒன்று சீதை!

1928 அக்டோபர் 1-ல் விழுப்புரத்தில் பிறந்த அந்தப் பையன் வளர்ந்தது திருச்சியில். சின்ன வயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்து அவன் மனதை விட்டுப் போகவே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பி, 'யதார்த்தம்' பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தான். அது சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய 'பாய்ஸ் கம்பெனி'களின் காலம். பெண் வேஷமும் பையன்கள்தான் போட வேண்டும். சீதை, சூர்ப்பனகை, பரதன் என்று ஒரே கதையில் மாறி மாறி வேஷம் கட்ட வேண்டும். ஒரு பாத்திரத்தின் நடை, பார்வை, குரல் எல்லாவற்றையும் அடுத்த நாளே கழற்றி வைத்துவிட்டு, வேறொன்றை மாட்டிக்கொள்ளும் பயிற்சி அங்கேதான் கிடைத்தது. பின்னாளில் 'நவராத்திரி'யில் (1964) ஒன்பது வேடங்கள் போட்டவருக்கு ஆரம்பப் பள்ளிக்கூடம் அந்தக் கம்பெனிதான். 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் பரதனாக அவர் வந்தபோது, மேடையில் போட்ட பழைய வேஷம் திரைக்கு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பறக்கும் ரயிலில்...

கோயிலிலிருந்து திருவான்மியூர் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம். கடற்கரை நோக்கிப் போகும் பறக்கும் ரயிலில் ஏறினால் இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம் தாண்டி நான்காவது நிறுத்தம் கிரீன்வேஸ் சாலை. சுமார் பத்து நிமிடப் பயணம். கோட்டூர்புரம் தாண்டியதும் ரயில் அடையாறு ஆற்றின் மேல் போகும். குழந்தைகளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிடுங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்தார் கணேசன். அதைப் பார்த்த பெரியார், அவரை 'சிவாஜி' என்று அழைத்தார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு வேஷத்தின் பெயரே வாழ்நாள் முழுக்க ஒரு நடிகரின் பெயராக நிலைத்தது.

அடுத்தது 'பராசக்தி'. கதை வசனம் மு.கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன் - பஞ்சு. வேலூரைச் சேர்ந்த பி.ஏ.பெருமாள் முதலியார், ஏவி.எம்.முடன் சேர்ந்து எடுத்த படம். மெலிந்த உடம்போடு வந்த புது நடிகரைப் பார்த்து ஏ.வி.மெய்யப்பனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆளை மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தபோது, இவர்தான் நடிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றவர் பெருமாள். 1952 அக்டோபர் 17, தீபாவளி அன்று படம் வெளிவந்தது. கோர்ட் காட்சியில் அந்த மெலிந்த பையன் பேசப் பேச, தமிழ் சினிமாவில் வசனத்தின் காலம் தொடங்கியது.

சிவாஜி அந்த நன்றியை மறக்கவில்லை. பொங்கல் தோறும் வேலூருக்குப் போய்ப் பெருமாள் குடும்பத்தைப் பார்த்து வணங்கி வருவதை வழக்கமாக வைத்திருந்தார். 'பராசக்தி'க்காக அவர் முதன்முதலில் கேமரா முன் நின்ற இடத்தில், ஏவி.எம். ஸ்டூடியோவில் ஒரு நினைவுச் சின்னமும் உண்டு.

ஆற்றைத் தாண்டி

கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் துர்காபாய் தேஷ்முக் சாலைக்குப் போகலாம். ரயில் வேண்டாம் என்பவர்கள் எல்.பி. சாலை வழியாக அடையாறு வந்து, திரு.வி.க. பாலத்தைக் கடந்தாலும் இதே சாலைதான். மெட்ரோ வேலைகளால் இந்தப் பக்கம் போக்குவரத்து அவ்வப்போது மாறும். கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

ஆந்திர மகிளா சபாவை 1937-ல் தொடங்கிய துர்காபாயின் பெயரைத் தாங்கிய சாலை இது. சினிமாக்காரர்களுக்கு இது வேறு விதத்தில் பழக்கமான இடம். 'நெப்டியூன் ஸ்டூடியோ'வாக இருந்து, பிறகு எம்.ஜி.ஆர். வசம் வந்த 'சத்யா ஸ்டூடியோ' இங்கேதான் இருந்தது. 1996-லிருந்து அந்த வளாகத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி நடக்கிறது. ஒரு காலத்தில் அரிதாரம் பூசியவர்கள் நடமாடிய இடத்தில் இன்று புத்தகப் பையோடு மாணவிகள் நடக்கிறார்கள்.

அதே சாலையில் சிவாஜிக்கு மணிமண்டபம்! 'கூண்டுக்கிளி' (1954) என்ற ஒரே படத்தில் மட்டும் சேர்ந்து நடித்தவர்கள் எம்.ஜி.ஆரும் சிவாஜியும். "நீ யார் கட்சி?" என்று தெருத் தெருவாகத் தமிழ்நாட்டு ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டது இந்த இருவருக்காக. இன்று இருவருடைய நினைவும் ஒரே சாலையில் அண்டை வீட்டுக்காரர்கள் போல இருக்கிறது. பழைய ரசிகர்கள் யாராவது உடன் வந்தால், அவர்கள் முகத்தில் ஒரு புன்னகை வரும்.

2017 அக்டோபர் 1, சிவாஜியின் பிறந்த நாளன்று மண்டபம் திறக்கப்பட்டது. கடற்கரையிலிருந்து வந்த சிலை இங்கேதான் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையையும் வேடங்களையும் நினைவூட்டும் புகைப்படங்களும் உண்டு.

சிலை ஏன் நகர்ந்தது?

2006 ஜூலை 21, சிவாஜியின் ஐந்தாவது நினைவு நாளில், அன்றைய முதல்வர் கருணாநிதி அந்தச் சிலையைத் திறந்து வைத்தார். 'பராசக்தி'க்கு வசனம் எழுதியவரே, அதைப் பேசியவருக்குச் சிலை திறந்தார். ஆனால் அது நின்ற இடம் வாகனங்கள் வேகமாகத் திரும்பும் சந்திப்பு. வண்டி ஓட்டுகிறவர்களின் பார்வையைச் சிலை மறைக்கிறது என்று உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. அகற்றத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது.

ரசிகர்களுக்கு அது பெரிய வலி. கடற்கரைச் சாலை என்பது தமிழ்நாடு தன் பெரியவர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் இடம். அங்கிருந்து ஒருவரை எடுப்பது, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோவது மாதிரி. அதே நேரம், தினமும் அந்தச் சந்திப்பில் சாலையைக் கடக்கிறவரின் உயிரும் முக்கியம்தானே? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

ஒரு வருடம் முன்புதான், 2016-ல், அண்ணா சாலையில் சிவாஜி குடும்பத்தின் சாந்தி தியேட்டரும் மூடப்பட்டிருந்தது. 1961-லிருந்து எத்தனையோ சிவாஜி படங்களுக்குத் திருவிழாக் கூட்டம் கண்ட இடம் அது. அடுத்தடுத்து இரண்டு பெரிய சாலைகளிலிருந்து அவருடைய அடையாளம் விலகியது. தி.நகரில் அவருடைய 'அன்னை இல்லம்' இருக்கும் சாலைக்கு மட்டும் அவர் பெயர் இருக்கிறது.

சிலை வைத்தவர்

சிலையின் அருமை சிவாஜிக்கே தெரியும். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து நடிகனான சிறுவன், 1959-ல் பி.ஆர்.பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் கட்டபொம்மனாகவே நடித்தார். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அதோடு விட்டுவிடவில்லை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் சொந்தச் செலவில் இடம் வாங்கி, அந்த வீரனுக்குச் சிலை வைத்தார். வரலாற்றில் ஒருவர் நின்ற இடத்திலேயே அவருடைய உருவமும் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கிறது.

பத்மஸ்ரீ, பத்மபூஷண், 1995-ல் பிரெஞ்சு அரசின் செவாலியே, பிறகு தாதா சாகேப் பால்கே என்று விருதுகள் வந்தன. சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. 2001 ஜூலை 21-ல் அவர் மறைந்தபோது, நடித்து முடித்த படங்கள் 280-க்கும் மேல்.

வீட்டுக்கு வந்த சிவாஜி

தியேட்டரில் சிவாஜியைப் பார்த்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அவரைச் சந்தித்தது தொலைக்காட்சியில். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னை தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது. தெருவில் டி.வி. இருக்கிற ஒரே வீட்டில் மொத்தத் தெருவும் கூடியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம் என்று வீட்டுக் கூடத்துக்கே வந்தார் சிவாஜி. 2012-ல் 'கர்ணன்' (1964) டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்து, நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2021-ல் அவருடைய பிறந்த நாளுக்கு கூகுள் முகப்பிலேயே அவர் படம் வந்தது. இன்று கைபேசியில் ஒரு விரல் தட்டினால் போதும், வந்துவிடுகிறார்.

ஆனால் கைபேசியில் வருவது பெரும்பாலும் ஒரு நிமிடத் துண்டு. உரக்கப் பேசும் ஒரு வசனத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ரொம்ப ஓவர் ஆக்டிங்" என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல் அது என்று அவர்களுக்கு யார் சொல்வது? 'முதல் மரியாதை'யில் (1985) அதே மனிதர் எவ்வளவு குறைத்து நடித்திருக்கிறார் என்று யார் காட்டுவது? ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படமானபோது, நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் எம்.பி.என்.சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் கன்னம் புடைப்பதையும் விரல் நகர்வதையும் மூச்சு வாங்குவதையும் பார்த்தால், வாசிப்பது சிவாஜி இல்லை என்று நம்பவே முடியாது.

வழியில் தென்பட்ட காலத்தில் இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேடிப் போகும் காலத்தில், கூட்டிக்கொண்டு போகவும் சொல்லிக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். அந்த வேலை இப்போது தாத்தா பாட்டிகளிடமும் அப்பா அம்மாக்களிடமும் வந்திருக்கிறது.

போவதற்கு முன் மண்டபம் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் மருந்தீஸ்வரர் தரிசனம், பிறகு ரயில், பிறகு மணிமண்டபம் என்று வைத்துக்கொண்டால் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். மாலையில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு சிவாஜி படத்தை, துண்டு துண்டாக இல்லாமல், டைட்டிலிலிருந்து 'வணக்கம்' வரை முழுதாகப் பாருங்கள். எந்தப் படம் என்பதில் மட்டும் வீட்டில் கண்டிப்பாகச் சண்டை வரும்!